ஆற்றங்கரைக்கு ரோடு வேண்டாம், நடக்கிற பாதை போதும்



போன ஞாயிற்றுக்கிழமை ஐடி விங் பயிற்சி வகுப்புல எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருந்தாங்க. தலைப்பு, அடையாறும் சென்னை வெள்ளமும். பேசி முடிச்சதும் நிறைய பேர் ஸ்லைடு அனுப்பச் சொன்னாங்க. ஸ்லைடுல வெறும் மேப்தான் இருக்கு, அதை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. அதனால பேசினதை எழுத்தாவே நம்ம பேஜ்ல போடுறேன். கொஞ்சம் நீளம்தான். தலைப்பை மட்டும் பார்த்துட்டு ஷேர் பண்ணாதீங்க, படிச்சிட்டுப் பண்ணுங்க.

ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதியும் நம்ம டைம்லைன்ல ஒரே சண்டை நடக்கும். 2015-ல செம்பரம்பாக்கம் மதகை எப்போ திறந்தாங்க, யார் உத்தரவு, ஏன் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமா விடல. நியாயமான கேள்விகள்தான். 2018-ல சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கையே அந்த நீர்த்திறப்பைக் கடுமையா விமர்சிச்சது. அந்தச் சண்டையைப் போட நம்மகிட்ட ஆள் நிறைய இருக்காங்க. நான் கேட்கிறது அதுக்கு அடுத்த கேள்வி. மதகைத் தாண்டி வந்த தண்ணிக்கு, போக இடம் இருந்துச்சா?

அந்த ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வந்துச்சு. இந்தக் கனஅடிக் கணக்கு செய்தியில கேட்டுக் கேட்டு நமக்கு உறைக்கிறதே இல்ல. ஒரு கனஅடி சுமார் 28 லிட்டர். அப்போ வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல. நம்ம தெருவுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதுல 68 லாரி ஒவ்வொரு வினாடியும் ஆத்துக்குள்ள கவிழ்ந்த மாதிரி. அது ஏரித் தண்ணி மட்டும். அதே 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிஞ்ச தண்ணியும் அடையாத்துக்குத்தான் வந்துச்சு. அந்த ஏரிகள்ல அப்போ செம்பரம்பாக்கம் மாதிரி வெள்ளத்தை நிறுத்தித் திறக்கிற ஷட்டர் இருக்கல. கலங்கலைத் தாண்டினா தண்ணி தானா இறங்கி ஓடும், யாருடைய உத்தரவையும் கேட்காது. முடிச்சூரும் வரதராஜபுரமும், செம்பரம்பாக்கம் உபரி நீர் ஆத்துல சேருற திருநீர்மலைக்கு மேலே இருக்கு. அந்த ஊர்கள் மூழ்கினது ஏன்னு மதகுக் கதை மட்டும் சொல்லாது.

இப்போ ஆத்தைப் பாருங்க. மொத்தமே 42 கிலோமீட்டர்தான். ஆதனூர் பக்கத்துல ஆரம்பிச்சு, அனகாபுத்தூர், பொழிச்சலூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியா வந்து பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குப் பக்கத்துல கடல்ல சேருது. நடுவுல விமான நிலையத்தோட இரண்டாவது ஓடுபாதையை ஆத்துக்கு மேலயே பாலம் கட்டிக் கொண்டுபோயிருக்காங்க. 2015-ல விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். பக்கிங்காம் கால்வாய்ல பறக்கும் ரயில் தூண், கூவத்துல துறைமுகம் போற மேம்பாலத் தூண். ஒவ்வொரு காலத்திலும் அரசுக்கு நிலம் தேவைப்பட்டப்போ கண்ணுல பட்ட முதல் இலவச இடம் ஆறு. எந்தக் கொடி பறந்தப்போ எது நடந்துச்சுன்னு தனியா ஒரு பதிவு போடலாம், யாரும் தப்பிக்க முடியாது.

சரி, என்ன பண்ணலாம்? இங்க கொஞ்சம் இன்ஜினியரிங் பேசணும், பொறுத்துக்கோங்க. படிச்சதுக்கு வேற எங்க பயன்படுத்துறது!

ஆத்துல போற தண்ணியின் அளவு என்பது குறுக்குவெட்டுப் பரப்பு பெருக்கல் வேகம். அவ்வளவுதான். வெள்ளத்தைக் கடத்தணும்னா பரப்பைக் கூட்டணும், இல்ல வேகத்தைக் கூட்டணும். சுவர் எழுப்பி சிமெண்ட் பூசினா தண்ணி உயரமா, வேகமா போகும். உங்க ஏரியா தப்பிக்கும். அடுத்த ஏரியாவுக்கு அதே தண்ணி இன்னும் சீக்கிரமா, இன்னும் மொத்தமா போய்ச் சேரும். சுவருக்கு வெளியே பெய்யற மழைக்கு ஆத்துக்குள்ள இறங்க வழியும் அடைபட்டுப் போகும். சுவர் கட்டின ஊர்கள்ல தெருவுல தண்ணி நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வழி இருக்கு. ஆத்தை ரெண்டு அடுக்கா யோசிக்கிறது. நடுவுல வருஷம் முழுக்க ஓடுற ஆழமான வாய்க்கால். அதுக்கு ரெண்டு பக்கமும், வாய்க்காலை விட மேலே, கரையை விடக் கீழே, புல்லும் மண்ணுமா ஒரு அகலமான படுகை. சாதாரண நாள்ல அது காஞ்சு கிடக்கும். வெள்ளம் வந்தா தண்ணி அதுல ஏறிப் பரவும்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்றேன். இது அடையாறோட அளவு இல்ல, புரியறதுக்காக எடுத்தது. 60 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழமா ஒரு வெள்ளம் போகுதுன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பக்கமும் 30 மீட்டர் படுகையை, அடிமட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்துல விட்டா, அதே நாலு மீட்டர் மட்டத்துல பரப்பு ஒன்றரை மடங்காகுது. புல்லும் செடியும் தண்ணியை இழுத்துப் பிடிக்கும், அதனால கடத்துற அளவு ஒன்றரை மடங்கு ஆகாது. நான் போட்ட கணக்குல சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுது. இதையே திருப்பிப் பார்த்தா, முன்னாடி வந்த அதே வெள்ளம் இப்போ ஒரு அடிக்கு மேல இறங்கிப் போகும். ஒரு அடிதானான்னு கேட்பீங்க. தண்ணி வாசப்படியோட நின்னுச்சா, உள்ளே வந்து மெத்தையும் அரிசி மூட்டையும் நனைஞ்சுச்சா என்பதுக்கு நடுவுல இருக்கிறது அந்த ஒரு அடிதான். 2015-ல நனைஞ்ச வீட்டைக் கழுவினவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல.

கேள்வி இங்கதான் வருது. முப்பது மீட்டர் காலி நிலம், சென்னையில, ஆத்தோரமா. எத்தனை நாளைக்குக் காலியா இருக்கும்? முதல்ல கட்டட இடிபாடு கொட்டுற லாரி வரும். அப்புறம் பழைய கார் நிறுத்துவாங்க. அப்புறம் ஒரு ஷெட். ஷெட்டுக்கு ஒரு கரண்ட் கனெக்‌ஷன். பத்து வருஷத்துல அது பட்டா கேட்கும். சில சமயம் அரசே முந்திக்கும், பஸ் டெப்போ வேணும், சப்ஸ்டேஷன் வேணும்னு. காவலுக்கு வேலி போட்டா வேலிக் கம்பி முதல்ல காணாமப் போகும்.

அந்த இடத்தைக் காப்பாத்த எனக்குத் தெரிஞ்ச மலிவான வழி, அதுல தினமும் ஆள் நடமாட வைக்கிறதுதான். காலையில நடக்கிற பெரியவங்க, ஸ்கூலுக்கு சைக்கிள்ல போற பிள்ளைங்க, ஷிப்ட் முடிஞ்சு கிண்டி எஸ்டேட்டிலிருந்து சைக்கிள்ல வீட்டுக்குப் போற தொழிலாளி. ஒரு லாரி இடிபாடு கொட்டினா அன்னைக்குச் சாயங்காலமே நூறு பேர் போட்டோ எடுத்துப் போடுவாங்க. வெள்ளத்துக்கான நிலத்துக்கு அவங்கதான் வாட்ச்மேன். ஆற்றங்கரைப் பாதையை நான் அழகுக்காகக் கேட்கல. அழகு இலவசமா வருது, வேண்டாம்னு சொல்லல.

வகுப்புல ஒரு அண்ணன் எழுந்து கேட்டார். "தம்பி, அவ்வளவு இடம் விடறதா இருந்தா ரோடே போடலாமே? மவுண்ட் ரோடு, ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக் குறையுமே?" அந்தக் கேள்விக்காக அவருக்கு நன்றி. இந்தப் பதிவே அதுக்கான பதில்தான்.

கார் போற ரோடு மூழ்கக் கூடாது. மூழ்கினா ஆம்புலன்ஸ் நிக்கும், டிவியில லைவ் வரும், மந்திரி வந்து பார்ப்பார், அடுத்த வருஷம் சுவர் கட்டுவாங்க. அதனால ஆத்தோர ரோடுன்னு முடிவு பண்ணின நாளே சுவருக்கும் சேர்த்து முடிவு பண்ணியாச்சு. ரோடும் சுவரும் உட்காருற இடம் தண்ணி ஏற வேண்டிய அதே படுகை. மதுரைக்குப் போயிருந்தீங்கன்னா வைகையின் ரெண்டு கரையிலும் சுவரையும் அதை ஒட்டின ரோட்டையும் பார்த்திருப்பீங்க. வண்டி ஓட்டுறவங்களுக்கு வசதிதான், மறுக்கல. ஆறு எவ்வளவு ஒடுங்கிடுச்சுன்னு மேம்பாலத்துல நின்னு நீங்களே பாருங்க. சபர்மதியைக் காட்டி மயக்குவாங்க. அங்க ஆத்தை ஒரே சீரான அகலத்துக்குச் சுவர் வெச்சு ஒடுக்கினாங்க, நடுவுல தளும்பி நிக்கிற தண்ணி நர்மதைக் கால்வாய்த் தண்ணி. நமக்கு எந்த நர்மதை இருக்கு?

ரோடு வந்தா இன்னொண்ணும் வரும். ரோட்டு முகப்பு மனைக்கு விலை ஏறும், விலை ஏறின இடத்துல கடை, கல்யாண மண்டபம், அபார்ட்மெண்ட். ஆத்தைக் காப்பாத்தப் போட்ட ரோடே ஆத்தை விழுங்கும்.

நடைபாதையும் சைக்கிள் பாதையும் மூழ்கலாம். வருஷத்துல நாலஞ்சு நாள் மூழ்கட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. தண்ணி வடிஞ்சதும் வண்டலை அள்ளிட்டு ஹோஸ் போட்டு அடிச்சா மறுபடி நடக்கலாம். மோட்டார் வேண்டாம்னு நான் அடம் பிடிக்கிறதுக்கு இதுதான் காரணம். சைக்கிள் மேல காதல் எல்லாம் அப்புறம்.

இது எங்கேயாவது நடந்திருக்கான்னு கேட்பீங்க. சிங்கப்பூர்ல கல்லாங் ஆறு பிஷான்–ஆங் மோ கியோ பூங்கா ஓரமா போகுது. நம்ம ஆளுங்க நிறைய பேர் வேலை பார்க்கிற ஊர், யாராவது அங்க இருந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க. அது முன்னாடி 2.7 கிலோமீட்டர் நேர்கோடு சிமெண்ட் கால்வாய். நம்ம ஊர் மழைநீர்க் கால்வாய் மாதிரியே, வேலிக்கு அந்தப் பக்கம். 2012-ல வேலை முடிஞ்சப்போ அது 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்சு போற மண் கரை ஆறா மாறியிருந்தது. சிமெண்ட்டை உடைச்ச துண்டுகளை வெளியே கொட்டாம பூங்காவுக்குள்ளயே ஒரு சின்னக் குன்றா ஆக்கினாங்க. முன்னாடி 24 மீட்டருக்குள்ள அடைபட்டிருந்த தண்ணி, இப்போ பெருமழையில சுமார் 100 மீட்டர் அகலம் வரைக்கும் பரவலாம். பரவுற அந்த இடம் மத்த நாள்ல புல்வெளி. பிள்ளைங்க ஓடி விளையாடுற இடம். மழை ஏறினா எச்சரிக்கை விளக்கும் சைரனும் உண்டு, ஜனங்க மேலே ஏறிடுவாங்க.

அங்கேயும் இங்கேயும் ஒண்ணு இல்ல, அதையும் சொல்லணும். சிங்கப்பூர்ல வருஷம் முழுக்க மழை. நமக்கு வர்ற சுமார் 1,400 மில்லிமீட்டர்ல பெரும்பங்கு ரெண்டு மூணு மாசத்துல கொட்டித் தீர்ந்துடும். மீதி நாள்ல அடையாத்துல ஓடுறது முக்கால்வாசி நம்ம வீட்டுக் கழிவுநீர். மூக்கைப் பொத்திக்கிட்டு யாரும் வாக்கிங் போக மாட்டாங்க. அதனால சாக்கடை கலக்கிற ஒவ்வொரு குழாயையும் தடுத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பாம, டைல்ஸ் ஒட்டி ரிப்பன் வெட்டினா அந்தப் பாதை ஆறு மாசத்துல சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். வேலை வரிசை முக்கியம். முதல்ல சாக்கடை, அப்புறம் படுகை, கடைசியா பாதை. நம்ம ஊர்ல டெண்டர் எப்பவும் இதுக்குத் தலைகீழாத்தான் வருது, ஏன்னா பாதையைத்தான் போட்டோ எடுக்க முடியும்.

பாதையிலேயே ரெண்டு மட்டம் வேணும். கீழே படுகையில ஒண்ணு, மூழ்கிறது. மேலே கரை மேல ஒண்ணு, மூழ்காதது. மேல்பாதை மூணு நாலு மீட்டர் அகலம் இருந்தா போதும். மத்த நாள்ல நடக்கிறவங்களுக்கு. தூர் வாருற நேரத்துல பொக்லைன் போக வழி. வெள்ளத்துல தீயணைப்புத்துறை ரப்பர் படகு இறக்க வழி. இன்னைக்குப் பல இடத்துல தூர் வார மிஷின் இறங்கவே வழி இல்லாம, யார் வீட்டுக் காம்பவுண்டையோ கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கீழ்ப்பாதையில பேவர் பிளாக் போடக் கூடாது, முதல் வெள்ளத்துலயே பெயர்ந்து போய் அடுத்த பாலத்தை அடைக்கும். கரண்ட் பெட்டி, கழிப்பறை, புட் கோர்ட் எதுவும் கீழே வேண்டாம். ஜாஃபர்கான்பேட்டையில நடக்க ஆரம்பிச்சா ரோடு கிராஸ் பண்ணாம, பாலத்துக்கு அடியிலேயே அடுத்த ஏரியாவுக்குப் போகிற மாதிரி இருக்கணும். அடிக்கடி மேலே ஏறப் படி, நல்ல வெளிச்சம். பெண்கள் சாயங்காலம் ஏழு மணிக்குத் தனியா போக முடியாத பாதையைப் பாதைன்னு கணக்குல சேர்க்கக் கூடாது. டூவீலர் நுழையாதபடி நுழைவுல தடுப்புக் கல். நம்ம ஆளுங்க அதையும் சுத்தி ஓட்டுவாங்க, அது வேற விஷயம்.

இதை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி செய்ய முடியாது. கோட்டூர்புரத்துக்குக் கீழே கடல் ஏத்தம் வரும், முகத்துவாரத்துல மணல் அடைக்கும். அங்க படுகையை விட முகத்துவாரம் திறந்திருக்கா என்பதுதான் பெரிய விஷயம். சைதாப்பேட்டையில ரெண்டு பக்கமும் வீடு நெருக்கி நிக்குது.

அந்த வீடுகளைப் பத்திப் பேசாம இந்தத் தலைப்பைப் பேசினா அது மோசடி. ஆற்றங்கரைத் திட்டம்னு சொன்னாலே சென்னையில ஏழைகளுக்கு அடிவயிறு கலங்கும். 2015-க்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில ஏத்திப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனாங்க. வெள்ளத்திலிருந்து காப்பாத்தவாம். பெரும்பாக்கம் எங்க இருக்கு? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல. அங்கேயும் தண்ணி வந்துச்சு. வீட்டு வேலைக்குப் போன அக்காங்களுக்கு வேலை போச்சு, பாதிக் கல்வியாண்டுல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் போச்சு. அதே ஆத்தோரத்துல இருந்த பெரிய கட்டடங்கள் ஒரு செங்கல் கூட அசையாம இன்னைக்கும் நிக்குது.

நெதர்லாந்துல நைமேகன்னு ஒரு ஊர். 1993, 1995 வெள்ளத்துக்கு அப்புறம், கரையை இன்னும் உயர்த்தறதை விட்டுட்டு, ஆத்துக்கு இடம் விடுறதுன்னு அந்த நாடு முடிவெடுத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள்ல வேலை நடந்தது. நைமேகன்ல கரையை 350 மீட்டர் ஊருக்குள்ள தள்ளிப் போட்டு, புதுசா ஒரு கிளை வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல உண்டான தீவுல இன்னைக்குப் பூங்காவும் பாதையும் இருக்கு. அதுக்காக சுமார் 50 வீடுகளை எடுக்க வேண்டி வந்துச்சு. வெறும் 50 வீட்டுக்கு வருஷக்கணக்குல பேசினாங்க, எதிர்ப்பைக் கேட்டாங்க. நம்ம ஊர்ல பேச்சுவார்த்தைங்கறது பெரும்பாலும் முன்னாடி நாள் சாயங்காலம் ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்றது. அளவும் பணமும் நமக்கும் அவங்களுக்கும் ஒண்ணு இல்ல, ஒத்துக்கிறேன். மனுஷனுக்குக் கொடுக்கிற மரியாதைக்குப் பணம் தேவையில்ல. கரையோரக் குடும்பத்தை மாத்தியே ஆகணும்னா அதே வட்டாரத்துல, மேடான இடத்துல, வீடு கட்டி முடிச்ச பிறகு. இந்த நிபந்தனை இல்லாத எந்த ஆற்றங்கரைத் திட்டத்துக்கும் நம்ம பேஜ்ல லைக் விழக் கூடாது. யார் அறிவிச்சாலும்.

இப்போ ஏன் இதை அவசரமா எழுதறேன்னா, பணம் வரப்போகுது. 2024 பிப்ரவரி மாநில பட்ஜெட்ல அடையாறு சீரமைப்புக்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிச்சாங்க, பொது–தனியார் பங்களிப்பு முறையில. ஆத்தைச் சீரமைக்கிறதை நாம வரவேற்கணும். கூடவே ஒரு சின்னக் கேள்வி கேட்கணும். தனியார் போடுற பணத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்? வெள்ளம் வராம இருந்தா யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்க. கரையில வணிக வளாகமும் பார்க்கிங்கும்தான் வருமானம்னா, அது தண்ணி ஏற வேண்டிய அதே 30 மீட்டர்லதான் வந்து உட்காரும். ஒப்பந்தத்துல இந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படிங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

நம்ம கையில இன்னும் இருக்கிற இடம் மேல்பகுதிதான். ஆதனூரிலிருந்து திருநீர்மலை வரைக்கும் இன்னும் வயலும் தரிசும் அங்கங்க மிச்சம் இருக்கு. 2015-க்கு அப்புறம் அந்தப் பக்கம் ஆத்தை அகலப்படுத்திக் கரை உயர்த்தினாங்க, நல்லது. ஆனா கரைக்கு வெளியே மனைப்பிரிவு போர்டு மாசா மாசம் கூடிக்கிட்டே வருது. இங்க ஒரு வழி ஏற்கெனவே சட்டத்துலயே இருக்கு. 10,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா 10 சதவீத நிலத்தைப் பூங்கா, திறந்தவெளிக்குன்னு உள்ளாட்சிக்குத் தானமா எழுதித் தரணும். ஓஎஸ்ஆர் நிலம்னு சொல்வாங்க. மனை போடுறவங்க என்ன பண்ணுவாங்க? யாருக்கும் விக்காத முக்கோண மூலையைத் தள்ளிவிடுவாங்க. ஆத்தோர மனைப்பிரிவுக்கு மட்டும், அந்தப் பத்து சதவீதத்தை ஆத்தை ஒட்டின பட்டையாத்தான் தரணும்னு விதி கொண்டுவந்தா, அரசு நிலத்துக்குப் பெருசா பணம் தேடாம படுகை தானா சேர்ந்துக்கிட்டே வரும். சென்னையோட இரண்டாவது மாஸ்டர் பிளான் காலம் 2026 வரைக்கும்தான். அடுத்ததுல இந்த ஒரு வரி ஏறணும். அஞ்சு வருஷம் கழிச்சுக் கேட்டா ஏத்த நிலம் இருக்காது.

பணம் எங்கேன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கைன்னு ஒண்ணை ஏத்துக்கிச்சு. போக்குவரத்துப் பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல எழுதியிருக்கு. உங்க தெருவுல அந்த 60 சதவீதம் தெரியுதா?

கடைசியா ஒரு எச்சரிக்கை, நம்ம ஆளுங்க ஓவரா பில்டப் கொடுக்காம இருக்க. அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரம் ஆத்தோரமா 150 மைல் நடைபாதை, சைக்கிள் பாதை போட 2012-ல மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வெச்சு 10 கோடி டாலர் ஒப்புதல் வாங்கிச்சு. 2017-ல ஹார்வி புயல் வந்தப்போ அந்த ஊர் மூழ்கத்தான் செஞ்சது. ஆத்தோரப் பூங்கா பல நாள் தண்ணிக்குள்ள கிடந்து, வண்டலை அள்ளித் திறந்தாங்க. பூங்கா தாங்கிச்சு, ஊர் தாங்கல. ஏன்னா ஊரை எங்க வேணும்னாலும் கட்ட விட்டிருந்தாங்க. 49 சென்டிமீட்டர் மழையை எந்தப் பாதையும் தடுக்காது. மேலே ஏரிகளைத் தூர் வாரணும், கலங்கலிலிருந்து வர்ற வாய்க்காலை மீட்கணும், பாலங்களுக்கு அடியில அடைப்பை எடுக்கணும். பாதை அதோட ஒரு பகுதிதான்.

இனி நமக்கு வேலை. அடையாறு ஓடுற வார்டுகள்ல இருக்கிற தோழர்கள் இந்த மாசம் ஒரு ஞாயிறு காலையில உங்க எல்லைக்குள்ள இருக்கிற கரையை நடந்து பாருங்க. நடக்க முடியாத இடத்துல நின்னு, லொகேஷன் ஆன் பண்ணி போட்டோ எடுங்க. இடிபாடு கொட்டின இடம், சாக்கடைக் குழாய் விழுற இடம், கரையே காணாமப் போன இடம், மூணும் போதும். குடிசை வீடுகளையோ ஆட்களோட முகத்தையோ எடுக்காதீங்க, அது நாளைக்கு அவங்களைக் காலி பண்ணவே பயன்படும். மேப் போடுறது என் பொறுப்பு, கூட ரெண்டு பேர் க்யூஜிஐஎஸ் தெரிஞ்சவங்க இருந்தா கை தூக்குங்க.

ஊராட்சிப் பக்கம் இருக்கிறவங்க அடுத்த கிராம சபையில ஓஎஸ்ஆர் தீர்மானத்தைக் கொண்டுவாங்க, மாதிரி வாசகம் கேட்டா அனுப்புறேன். நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஏரியா சபை இருக்கு. நீர்வளத்துறைக்கு ஒரு ஆர்டிஐ போடணும், உங்க பகுதியில ஆத்தோட அளக்கப்பட்ட அகலம் எவ்வளவு, வெள்ள மட்டக் கோடு வரைஞ்ச மேப் இருக்கான்னு. வக்கீல் அணித் தோழர்கள் இதுக்கு உதவறதா சொல்லியிருக்காங்க. நம்ம கட்சிக் கவுன்சிலர்கள் இருக்கிற வார்டுன்னா இன்னும் நல்லது, முதல் போட்டோ அங்கிருந்தே வரட்டும்.

போட்டோக்களை நம்ம பேஜ் இன்பாக்ஸுக்கு, வார்டு எண்ணோட அனுப்புங்க. வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முன்னாடி முதல் மேப்பை வெளியிடணும். வரதராஜபுரம், அனகாபுத்தூர், மணப்பாக்கத்திலிருந்து இன்னும் ஒருத்தரும் பேர் கொடுக்கல. அந்த மூணு ஊர்ல யாரையாவது தெரிஞ்சா கமெண்ட்ல டேக் பண்ணுங்க.